ஐந்தரை மணி நேரம்

உக்காருங்க்கா. ஃபேனுக்கு நேரா உக்காருங், வேர்த்து வடியுது உங்களுக்கு. லேப்டாப்ப இப்புடி மேசை மேல வைங்க. சர்க்கார்ல பாப்பாவுக்குக் குடுத்ததா? அதானே பாத்தேன். இதுக்குள்ள ரெண்டு இருக்குதுங்க்கா. விண்டோஸ்னு ஒண்ணு, லினக்ஸ்னு ஒண்ணு. ஆன் பண்றப்பவே எதுக்குள்ள போறீங்கன்னு கேக்கும். எத வெச்சுக்கறது, எத எடுத்துப்போடறதுன்னு கேக்கறீங்க. அந்த லினக்ஸத் தொடைச்சு எடுத்துருங்க்கா. வேற ரோசனையே வேண்டாம். அதால எங்கூருல ஒரு புள்ளையோட பொழப்பே போச்சு. நான் கண்ணால பாத்தவ.

வைரஸ் வராதுன்னு பாப்பாவோட சாரு சொன்னாரா? வராதுதானுங். குடியில்லாத ஊட்டுக்குள்ள திருடன் எதுக்கு வாரான்? நம்ம சனம் பொழங்கறது அத்தனையும் விண்டோஸ்லதான். ஊரோட ஒத்துப் போகோணுமுங்க்கா.

இது ஆன் ஆகறதுக்கு நேரமாகும். பழைய மிஷினு. அதுக்குள்ள சொல்லீர்றேன், கேளுங்க.

மௌனிகான்னு ஒரு புள்ளைங்க. இந்த வேலாம்பாளையத்துலயேதான், பால் சொசைட்டிக்குப் பின்னால வீடு. அப்பன் நாச்சிமுத்தண்ணன், தறிக்குக் கூலிக்குப் போறவரு. ரெண்டு மாடு வெச்சிருக்குது. அம்மாக்காரி நூறு நாள் வேலைக்குப் போவா. புள்ள பன்னண்டாவதுல வாங்குன மார்க்கப் பாத்து இந்தச் சுத்துப்பட்டே அசந்துபோச்சு. மெட்ராஸ்ல கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ்லயே சீட்டு நிச்சயம்னு ஹெட்மாஸ்டரு சொல்லீட்டாரு. அந்த வம்சத்துல காலேஜ் வாசப்படி மிதிக்கப்போற மொத ஆளு அவதான். மார்க் வந்த அன்னைக்கு நாச்சிமுத்தண்ணன் தறிய நிறுத்திப்போட்டு நின்னு அழுதாருங். ஓனரு வந்து வைதுங்கூட அவரு மறுபடி ஓட்டலையாம். அம்மிணி, அம்மிணின்னு அவ்வளவு பாசம்.

கவுன்சிலிங்னா இப்ப எல்லாமே ஆன்லைன்லதானுங். மொதல்ல எந்தக் காலேஜ் வேணும், ரெண்டாவது எதுன்னு வரிசையாப் போடோணும். கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மாத்திக்கலாம். அஞ்சு மணி தாண்டுச்சுன்னா பிரம்மாவே வந்தாலும் முடியாது. அந்த வருசம் எங்க பாத்தாலும் புள்ளைங்க கையில காயிதத்தோட நம்ம சென்டர் வாசல்லதான் நிக்கும். பதினோரு வருசமா சென்டர் வெச்சிருக்கறனுங். பூங்கோதைங்கற பேரே மறந்துபோயி ஊரே கம்ப்யூட்டரக்கான்னுதான் கூப்புடுது.

இந்தப் புள்ள மட்டும் வரலீங். வீட்டுலயே போட்டுக்கறேன்னு சொல்லுச்சாம். எதுல? இதே மாதிரி சர்க்கார்ல குடுத்த லேப்டாப்புல, அந்த லினக்ஸ்ல! பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சாரு ஒருத்தரு அந்தப் பைத்தியத்த ஏத்தி வுட்டுட்டாரு. எனக்கு மனசு கேக்குமா? நாச்சிமுத்தண்ணன் பால் ஊத்தீட்டு வாரப்ப நிறுத்திச் சொன்னேன். 'அண்ணா, லினக்ஸ்ல போட்டு, கவுன்சிலிங் பாரம் போயிச் சேராம பாதியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க? ஒரு வருசம் போயிரும். அம்மிணியக் கூட்டியாங்க, நான் போட்டுத் தாரேன்'னேன். அவரு பயந்துட்டாரு. அடுத்த நாளே புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டாரு. இதுல என்ற சுயநலம் என்னங் இருக்குது? பாரம் போட எல்லாருத்துக்கும் வாங்கறதுதான் வாங்குனேன்.

நம்ம சென்டர்ல ஒரு வழக்கமுங். எந்தப் புள்ள வந்தாலும் ஒரே பாஸ்வேர்டுதான். சென்டர் பேரு, பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. நம்ம சனம் நாளைக்கே மறந்துட்டு வந்து 'அக்கா, பாஸ்வேர்டு என்னங்க்கா'ன்னு நிக்கும். அப்ப நாந்தானே சொல்லோணும்? கம்ப்யூட்டரும் நல்லதுதான், ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு அதுவே கேக்கும். வெச்சுக்கன்னு குடுத்துருவேன். அடுத்த தடவ பேரத் தொட்டாப் போதும், தானாத் தொறந்துக்கும். ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல. இவ மட்டும், 'அக்கா, எனக்கு வேற வெச்சுக்கறனுங்க்கா, இப்புடி எல்லாருத்துக்கும் ஒண்ணே வெச்சா யாரு வேணாலும் உள்ள வரலாம்'னா. அப்பங்காரரு அங்கயே வைதாரு. 'அக்காளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? சும்மா உக்காரு.' அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கே சங்கட்டமாப் போச்சு.

அன்னைக்குப் புகழேந்தி சாரும் இங்கதான் உக்காந்திருந்தாரு, இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்தச் சேர்ல. அவரப் பத்திச் சொல்லோணுமுங்க்கா. ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல புள்ளைங்க சேக்கறதுக்குன்னு வெச்சிருக்கற ஆபீசரு. காலேஜ் பேரு எதுக்குங், வேண்டாம். சித்திரையில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் ஊரூராச் சென்டர் சென்டராச் சுத்துவாரு. அவ்வளவு தன்மையானவரு. அந்தப் பிரிண்டர் இருக்குதே, அவரு குடுத்ததுதான். 'மேடம், பழசு வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க'ன்னு அவரே கார்ல வெச்சு எடுத்தாந்தாரு. இந்த மூணு கம்ப்யூட்டருக்கும் புது விண்டோஸ் போட்டுக் குடுத்ததும் அவருதான். கடையில வாங்குனதில்லீங், ஒடைச்சுப் போடறதுன்னு சொல்லுவாங்க. சும்மா ஓடுது, நமக்கென்ன. வைரஸ் பாக்கறது ஒண்ணு உள்ள இருந்துக்கிட்டு செவப்புச் செவப்பா மெரட்டிட்டே இருந்துது. மிஷின் மெதுவாகும் மேடம்னு அதையும் நிறுத்தீட்டாரு. அப்பறம் ஒரு சாப்ட்வேர் போட்டாரு பாருங்க, அதான் அதிசயம். அவரு எங்க இருந்தாலும் அங்க இருந்துக்கிட்டே நம்ம மிஷினச் சரி பண்ணிருவாரு. நாம மவுஸத் தொடவே வேண்டாம், அந்த அம்பு தானா ஓடும். அப்டேட் ஆகோணும், கடையப் பூட்டுனாலும் மிஷின அணைக்காதீங்கன்னு சொன்னாரு. நான் அணைக்கறதே இல்ல. சொந்தமா பந்தமா? யாரு செய்யறா இந்தக் காலத்துல?

பாஸ்வேர்டு கேக்குதுங்க்கா உங்களுது. பாப்பாகிட்டப் போன்ல கேட்டு என்கிட்டச் சொல்லீருங்க, நான் அடிச்சுக்கறேன். அவசரமில்ல, அவ சாப்புட்டு முடிக்கட்டும்.

கடைசி நாள் வந்துது. அன்னைக்குப் பாத்து ஆடி வெள்ளி, மாரியம்மங் கோயில்ல பொங்கல் நோம்பி. காலையில பத்து மணிக்கே கடையப் பூட்டிட்டேன். ஊரே கோயில்லதான். மௌனிகா பட்டுப்பாவாடை கட்டி மாவிளக்கு எடுத்தா. ஒரு மணி இருக்கும், உச்சி வெயிலு, காலு வைக்க முடியல. எனக்கு முன்னாலதான் நடந்து போனா. ஒரு கையில தட்டம், ஒரு கையில தம்பி. 'மெட்ராஸ்ல வெயிலு இன்னுஞ் சாஸ்தியாங்க்கா?'ன்னு திரும்பித் திரும்பிக் கேட்டுக்கிட்டே வந்தா. மாவிளக்கு மாவ உருட்டி என்ற கையில வெச்சது அவதான். 

பத்து நாள்ல சீட்டு வந்துது. மெட்ராஸ் இல்லீங். அவ போட்ட ஒரு காலேஜுகூட இல்ல. பட்டியலே மாறிக் கெடந்துது. மொத எடத்துல அவ போடாத ஒரு பிரைவேட் காலேஜு. எதுன்னு கேட்டீங்கன்னா, நம்ம புகழேந்தி சார் காலேஜுதானுங். முன்னப்பின்னத் தெரியாத எடத்துக்கு இது தெரிஞ்ச எடமாச்சேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு, நெசமாச் சொல்றேன். அந்த வருசம் நம்ம சென்டர்ல போட்டதுல ஏழு புள்ளைங்களுக்கு அதே காலேஜ் அமைஞ்சுது. என்னமோ ராசி. மத்த ஆறும் கம்மி மார்க்கு, ஏதோ ஒண்ணு கெடைச்சுதேன்னு போயிச் சேந்துக்கிச்சுங்க. இவளுக்குத்தான் மார்க்கு இருந்துது. ஆனா அங்க கட்டறதுக்கு தறிக்கூலி காணாது.

சீட்டு வந்த மறுநாள் தனியா வந்தா. அழுவான்னு பாத்தேன், அழுவலீங். அந்த லேப்டாப்பத் தொறந்து, லினக்ஸுக்குள்ள ஒரு படத்தக் காட்டுனா. அந்தக் கவுன்சிலிங் வெப்சைட்டுல யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு அதுவே எழுதி வெச்சுக்குமாம். அத அப்புடியே படம் புடிச்சு வெச்சிருந்தா. கடைசி நாள், மத்தியானம் ஒண்ணு பத்து. பக்கத்துல நம்பர் நம்பரா ஒண்ணு. 'அக்கா, இந்த நம்பரு உங்க சென்டரு நெட்டோடதுங்க்கா. ஒண்ணு பத்துக்கு நான் உங்க முன்னாலதானுங்க்கா மாவிளக்கு எடுத்துட்டுப் போனேன்'னா.

 கடை பூட்டிக் கெடந்துச்சுங்க்கா! சாவி என்ற இடுப்புல இருந்துது. மாரியாத்தா மேல சத்தியம். பூட்டுன கடைக்குள்ள யாரு வந்து உக்காந்து அடிப்பா? நீங்களே சொல்லுங்க. ஆனா போலீசு அதக் கேக்குமா? மொதல்ல மூணு மிஷினையும் தூக்கி ஜீப்புல போடுவாங்க. ஊட்டுக்காரரு போயி ஏழு வருசமாச்சு. பையன் பாலிடெக்னிக் படிக்கறான். இந்தக் கடை இல்லீன்னா நான் எங்க போயி நிக்கறது? வேலியில போன ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்ட கதையா, சும்மா இருந்த புள்ளையக் கூப்புட்டுப் பாரம் போட்டுக் குடுத்தனே, அந்தக் கோவம் எனக்கு என்ற மேலயே வந்துது.

அவ போனதும் புகழேந்தி சாருக்குத்தான் போன் போட்டேன். பதட்டமே இல்லாமக் கேட்டாரு. 'அந்தப் படம் எதுல இருக்குது மேடம்?' லினக்ஸ்லங் சார்ன்னேன்.  அப்பறம், 'அந்த லேப்டாப்ல மணி சரியாக் காட்டுதான்னு பாத்தீங்களா மேடம்?'னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. வச்சுட்டாரு. என்ன அறிவு பாருங்க.

விசயம் என்னன்னா, ரெண்டும் இருக்கற மிஷின்ல கடியாரம் மட்டும் ஒத்துப்போகாதுங்க்கா. விண்டோஸ்ல இருந்துட்டு லினக்ஸுக்குள்ள போனா அஞ்சரை மணி நேரம் முன்னால காட்டும். இந்த வேலையில இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியும். நெட்டு குடுத்தாச் சரியாயிரும், அவங்க ஊட்டுல போன்ல இருந்து எப்பவாவது கொஞ்ச நேரம் எடுக்கறதுதான்.

அடுத்த நாள் காலையில அப்பனும் மகளுமா வந்தாங்க. மெட்ராஸுக்கே போயி மனு குடுக்கப்போறோம்னு வெள்ளை வேட்டியெல்லாம் கட்டிட்டு வந்திருந்தாரு. மத்தியானம் பஸ்ஸாம். அதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு வந்திருக்காரு. 'எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அம்மிணி என்னமோ ஒண்ணு பத்துங்கறா. நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க. இது மெய்தானான்னு சொல்லுங்க, நான் சண்டைக்குப் போறேன்.' கையக் கும்புட்டுட்டே கேட்டாரு.

நான் ஒரு பொய்யும் சொல்லலீங்க்கா. இத நல்லாக் கேட்டுக்கங்க. கடியாரத்தக் காட்டுனேன். லினக்ஸ்ல நாலரை மணி. 'அண்ணா, செவத்துக் கடியாரத்தப் பாருங்க'ன்னேன். பதினொண்ணு. மிஷின அணைச்சு விண்டோஸுக்குள்ள போனேன், அதுலயும் பதினொண்ணு. 'இந்த லினக்ஸ்ல மணி அஞ்சரை மணி நேரம் தப்பாத்தானுங்ண்ணா காட்டும்'னேன். அது மெய்தானே? தப்பாத்தானே காட்டுச்சு?

மௌனிகா பதறிப்போயிட்டா. 'அப்பா, அது இந்த லேப்டாப் கடியாரமுங்ப்பா. படத்துல இருக்கறது அவங்க மெட்ராஸ் கம்ப்யூட்டர் குறிச்ச நேரமுங்ப்பா. ரெண்டும் வேற வேறங்ப்பா'ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னா. அவருக்கு என்ன புரியும்? கண்ணு முன்னால ரெண்டு கடியாரம் நிக்குது. அவரு வெரல வுட்டு எண்ணுனாரு. ஒண்ணு பத்துல இருந்து பின்னால. பன்னண்டு பத்து, பதினொண்ணு பத்துன்னு வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வெரலா மடக்குனாரு. ஏழு நாப்பதுல வந்து நின்னாரு. காலையில ஏழு நாப்பதுக்கு அவரு சொசைட்டியில பால் ஊத்திட்டு இருந்திருக்காரு. அம்மாக்காரி வேலைக்குப் போயிட்டா, தம்பி டியூசனுக்குப் போயிட்டான். ஊட்டுல இருந்தது அம்மிணியும் லேப்டாப்பும் அந்தப் போனும் மட்டுந்தான்.

போறாத காலத்துக்கு, எதுத்த வீதிப் பையன் ஒருத்தன் அதே காலேஜ்ல சேந்திருந்தான். அந்த ஏழுல ஒருத்தன். இவ கூடப் படிச்சவன். நான் அவன் பேர எடுக்கவே இல்லீங். அவராத்தான் கேட்டாரு, 'அந்தப் பையனும் இங்கதான் வந்து போட்டானா?'ன்னு. ஆமாங்ண்ணான்னேன். 'ரெண்டு பேரும் ஒரே நாளா?' ஒரு நாள் ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தாங்கன்னு சொன்னேன். உக்காந்துதான் இருந்தாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமா?

அவரு புள்ளைய அடிக்கலீங். வையக்கூட இல்ல. லேப்டாப்ப மூடுனாரு. 'நீயேதானா அம்மிணி'ன்னாரு, அவ்வளவு மெதுவா. அவ அவரப் பாக்கல. என்னையப் பாத்தா. 'அக்கா, உங்களுக்குத் தெரியுமுங்க்கா. மாவிளக்கு எடுக்கறப்ப மணி ஒண்ணு. ஒரு வார்த்தை சொல்லுங்க்கா'ன்னா. அவரும் என்னையப் பாத்தாரு. நான் மாவிளக்கு ஒரு மணிக்குத்தான்னு சொன்னேன். சொல்லாம இல்ல. அதான் ஏழு நாப்பதுக்கு மாவிளக்கு இல்லியேன்னு அவரே சொல்லீட்டாரு. சர்வர் நேரம் வேறன்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியுங்க்கா. அத அவரு கேக்கலையே.

மெட்ராஸ் பஸ்ஸுக்குப் போகல. வேட்டிய மாத்திட்டு மத்தியான ஷிப்டுக்குத் தறிக்குப் போயிட்டாரு.

ஆவணியிலயே கல்யாணம் வெச்சுட்டாங்க. காங்கேயத்துப் பக்கம், அரிசி ஆலையில லாரி ஓட்டற பையன். இவளவிடப் பதிமூணு வயசு மூப்பு, சொந்தந்தான். நானும் போனேன். குக்கரெல்லாம் வாங்கிட்டு மேடையேறிக் குடுத்தேன். கைநீட்டி வாங்கலீங் அவ! மாப்பிள்ளைதான் வாங்கி வெச்சாரு. பத்து வருசமாப் பாத்துப் பழகுன என்னைய ஏறெடுத்துப் பாக்கல. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. அதோட வுட்டாளா? அவ கூட்டாளிப் புள்ளைங்ககிட்ட என்ன சொன்னாளோ, இப்ப நம்மூருப் புள்ளைங்க பாதி மூலனூர் போயிப் பாரம் போடுதுங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நீங்களே வெளியூரு, அதான் நம்ம கடைக்கு வந்தீங்க.

கொஞ்ச நாள் எனக்குத் தூக்கம் புடிக்கலீங்க்கா. அந்தப் படம் அவ லேப்டாப்ல இருக்குதேன்னு. வெப்சைட்டுல போயிப் பாத்தா, கவுன்சிலிங் முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடீட்டாங்க, எதுவும் தொறக்கல. அது ஒண்ணுதான் மிச்சம். லேப்டாப்ப அவ புருசன் ஊட்டுக்குக் குடுத்துவுடலைன்னு கேள்விப்பட்டப்பத்தான் கொஞ்சம் மூச்சு வந்துது.

ஐப்பசியில ஒரு நாள் நாச்சிமுத்தண்ணன் வந்தாரு, லேப்டாப்பத் துண்டுல சுத்திக் கொண்டாந்தாரு. 'எம் பையனுக்கு இதுல எடம் பத்தலையாமுங்க. அந்த லினக்ஸத் தூக்கிட்டு முழுசும் விண்டோஸாப் பண்ணிக் குடுங்க'ன்னாரு. புகழேந்தி சாருக்குப் போன் பண்ணுனேன். அவரு சொன்னபடி அந்தச் சாப்ட்வேர இந்த லேப்டாப்லயும் போட்டேன், அஞ்சே நிமிசத்துல உள்ள வந்துட்டாரு. அம்பு ஓடுது, என்னென்னமோ தொறக்குது. நானும் அண்ணனும் பாத்துட்டு நிக்கறோம். கடைசியில ஒரு சின்னப் பெட்டி வந்துது. இதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சுரும், சம்மதமான்னு. அம்பு அங்க வந்து நின்னுபோச்சு. அவரு அமுத்தல. நாந்தான் அமுத்தோணும்னு போன்ல சொன்னாரு.

அண்ணன் எதுத்த கடையில போயி டீ வாங்கியாந்தாரு. வந்து நின்னுட்டு, 'அம்மிணி நேத்துப் போன் பண்ணுனாளுங்க'ன்னாரு. 'கல்யாணத்துக்கப்பறம் நேத்துத்தான் என்கிட்டப் பேசுனா. லேப்டாப்ப மட்டும் யாருகிட்டயும் குடுத்துராதீங்கப்பா, அதுல ஒண்ணு இருக்குது, நான் வந்து எடுத்துக்கறேன்னா. பையன் கேக்கவே மாட்டேங்கறான். அதுல என்னங்க இருக்கும்?'

ஒண்ணும் இருக்காதுங்ண்ணான்னேன். அமுத்துனேன். ஒரு நிமிசங்கூட ஆகலீங்க்கா.

அவரு கண்ணு கலங்கீருச்சு. 'அன்னைக்கு நீங்க மட்டும் அந்தக் கடியாரத்தக் காட்டலீன்னா, புள்ள பேச்ச நம்பி நான் மெட்ராஸு வரைக்கும் போயி அசிங்கப்பட்டிருப்பனுங்க'ன்னாரு. ரெண்டு கையாலயும் டீ டம்ளரப் புடிச்சு என்கிட்ட நீட்டுனாரு. வாங்கிக் குடிச்சேன். வேற என்ன பண்ணட்டுமுங்க்கா?